நீலகிரியில் புல் நடும் வேலை

நீலகிரியில் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே முகடும் சரிவும் புல்லுக்கு உரியவை. நீர் ஓடும் மடிப்புகள் சோலைக்கு. குளிர்கால இரவில் திறந்த சரிவில் உறைபனி விழும். சோலை மரக்கன்று அதில் பிழைப்பது அரிது. புல்லோ கருகினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். முழங்கால் உயரப் புல்லுக்கிடையே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், ரோமத்தில் பிசின் துளி தாங்கிப் பூச்சி பிடிக்கும் ட்ரோசெராவும் வளர்கின்றன. இம்மலையின் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இங்கேதான். சதுப்பில் முளைக்கும் அவ்ஃபுல் என்ற புல்லால் அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்வார்கள். அந்தப் புல் நீலகிரிக்கே உரியது.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். ஊட்டி வளர்ந்தது, விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆஸ்திரேலியாவின் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் 1840-களில் இங்கே வேரூன்றின. மேய்ச்சல் நிலம் ஆங்கிலேயர் கணக்கில் வெறும் தரிசு; மரங்களை அதன்மேல்தான் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்கும் விஸ்கோஸ் கூழுக்கும் இதே மரங்கள் இன்னும் பரவலாக நடப்பட்டன. மரம் நடுவது புண்ணியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கே நடுகிறோம் என்று கேட்காததுதான் பிழை.

1988-இன் தேசிய வனக் கொள்கை வருமானத்தைவிடச் சூழலுக்கு முதலிடம் தந்தது. 1990-இல் வரையாடுகளுக்காக முக்கூர்த்தி தேசியப் பூங்கா அமைந்தது. அங்கே சீகையை அகற்றும் வேலையும் நடந்தது. ஆனால் சீகை வெட்டினால் போகிற மரமல்ல. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஒருசேர முளைக்கும். ஆகவே ஆண்டுதோறும் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது.

இந்த மரங்களின் நிழலில் செத்துப்போன புல் தானாகத் திரும்பி வருவதும் அரிது. நல்ல புல்வெளியிலிருந்து தூர்களைக் கொண்டுவந்து, பிரித்து, நாற்றங்காலில் பெருக்கி, மழைக்கு முன் சரிவில் ஊன்றுகிறார்கள். ஒரு கைப்பிடித் தூர் பல கன்றாகும். மரக்கன்றைப் போல எண்ணிக் கணக்குக் காட்ட இதில் வழியில்லை; புகைப்படத்திலும் எடுபடாது. திட்டங்கள் புல்லை மறந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவ்ஃபுல்லுக்கு இதுவும் போதாது, அதற்குச் சதுப்பு வேண்டும். சதுப்புகள் பலவும் காய்கறித் தோட்டங்களாகிவிட்டன. கூரை மாற்றும் ஆண்டில் தோடர்கள் இப்போது வெகுதூரம் நடந்துபோய் அதை அறுத்து வருகிறார்கள்.