தேன் நீங்கிய மருந்து: சீயமங்கலப் பகுதியும் மூன்று அறநூல்களும்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய அம்மூன்றையும் நடத்தாத தமிழாசிரியர் அரியர். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இவற்றின் பெயர்க்காரணம் பற்றி ஓர் இயல் உண்டு. இம்மருந்துகள் தேனில் குழைத்து உண்ணப்பட்டவை என்றும், அறத்தின் காரத்தை வெண்பாவின் இனிமையில் குழைத்துத் தந்தமையால் புலவர்கள் இப்பெயர்களைத் தேர்ந்தனர் என்றும் அதில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அவ்விடம் பாராட்டும் பெற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுபஞ்சமூலம் நடத்துகையில் அதனையே வகுப்பிலும் கூறினேன். சீயமங்கலத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தயங்கி எழுந்து, "எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூடத் தேன் சேர்ப்பதில்லை அம்மா, சுக்குப்பொடியை வெல்லப்பாகில்தான் கிளறுவார்கள்" என்றாள். அவள் நயினார் குடும்பத்துப் பெண். சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணர் என்று கால்மணி நேரத்திற்கு முன் நானே கரும்பலகையில் எழுதியிருந்தேன். அதன் பொருளை எனக்கு அவள் உணர்த்த வேண்டியிருந்தது.

சீயமங்கலம் செஞ்சிக்கு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்தில் உள்ளது. அங்குள்ள தூணாண்டார் குடைவரையை லளிதாங்குரன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் அகழ்வித்தான். அவனிபாஜன பல்லவேச்சுரம் என்பது கல்வெட்டு தரும் பெயர். வரலாற்று மாணவர் பெரும்பாலும் அதனைக் கண்டு திரும்பிவிடுவர். அதே மலையில் பாறை முகத்தில் பார்சுவநாதரும் பாகுபலியும் புடைப்புருவங்களாக நிற்கின்றனர். 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, கங்க மன்னன் இராசமல்லனைக் குறிக்கும் சமணக் கல்வெட்டும் அங்குண்டு. தெற்கே செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களுக்கு அருகே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டைக் காணலாம். செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். ஆக, உணவைத் துறத்தலையும் உணவில் எதனைத் துறப்பது என்பதையும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எண்ணி வரும் நிலம் இது.

இல்லறச் சமணர்க்கு ஊனும் கள்ளும் மட்டுமன்றித் தேனும் விலக்கு. அருங்கலச்செப்பு போன்ற சாவக ஒழுக்க நூல்கள் வற்புறுத்தும் நெறி இது. கூட்டை அழித்துப் பிழிகையில் ஈக்களும் புழுக்களும் மடிகின்றன என்பதே காரணம். புளித்தவற்றையும் இரவு கடந்த உணவையும்கூட நோன்பில் உறுதியுடையோர் நீக்குவர். தேனும் காடியும் கூடிய பாகு எதுவும் அவ்வீட்டு அடுப்படியில் இடம்பெற வழியில்லை.

இந்த ஒளியில் மருந்துகளை மீண்டும் பார்த்தேன். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் சிறுபஞ்சமூலம். வேர் மருந்தென்றால் இடித்துக் கொதிக்கவைத்து வற்றவிடும் குடிநீரே முதலில் நினைவிற்கு வரவேண்டும். அதற்குத் தேன் இன்றியமையாததன்று. ஏலாதியோ அளவினால் ஆகிய மருந்து. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று ஏறிச் செல்லும் இருபத்தொரு பங்கில், பெயர் கொடுத்த ஏலம் ஒரே ஒரு பங்கு! காரம் பெரும்பாலும் சுக்கும் திப்பிலியும் மிளகும் தருபவை. பாட்டிற்கு ஆறு பொருள் அடுக்கும் கணிமேதாவியார்க்கு இந்த அளவுமுறை தெரியாதிருக்க முடியாது. மருந்தின் சிறப்பு அதன் கூட்டிலும் அளவிலும் இருந்தது. நானோ, அதனை நாவிற்கு இணங்கச் செய்யும் துணைப்பொருளில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆயினும் தேன் இப்பகுதிக்குப் புதியதன்று. சீயமங்கலத்திற்கு மேற்கே, செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில், மூங்கிற் குழாயில் முற்றவைத்த தேன்தேறல் விருந்தினர்க்கு வழங்கப்படுகிறது. காடியும் அத்துணைப் பழமையானதே. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், உப்பு வணிகரின் வண்டி முகப்பில் கயிற்றால் கட்டிய காடிக்கலம் தொங்குகிறது. நெடுவழிப் பயணத்திற்குப் புளிப்பு உதவும் என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தனர். புளித்த கஞ்சி நீரே நம் காடி; சித்த மருத்துவர் மருந்துச் சரக்குகளைத் தூய்மை செய்யவும் அதனைப் பயன்படுத்தினர். இன்று கடையில் 'வினிகர்' என்று கேட்டு வாங்குகிறோம்; யாழ்ப்பாணத்தார் போர்ச்சுக்கீசியரிடம் பெற்ற சொல்லை 'வினாகிரி' என்று தமிழாக்கிக்கொண்டனர். காடி என்னும் சொல் அகராதியில் அமர்ந்திருக்கிறது. கவிஞர்களாவது அதனை எடுத்து ஆளலாகாதா?

தேனையும் காடியையும் ஒன்றாகக் கலந்து மருந்தாக்கியவர் மேற்கே இருந்தனர். கிரேக்கர் அதனை 'ஆக்சிமெல்' என்றனர். புளிப்பு, தேன் என்னும் இரு சொற்களின் கூட்டு அது. இப்போகிரேத்தசின் பெயரால் வழங்கும் நூல்களில் கடும் நோய்களுக்கான மருந்தாக அது பேசப்படுகிறது. பாரசீகத்தில் அதே பொருளில் அமைந்த சொல் 'சிக்கஞ்சபீன்'. இபின் சீனா அதற்கென்றே தனி நூல் எழுதினார். அது யுனானி மருத்துவத்தோடு நம் நாட்டிற்கும் வந்தது. செஞ்சிக் கோட்டையும் 1649 முதல் 1677 வரை பீசப்பூர்ச் சுல்தானியத்தின் கையிலும், 1698இல் முகலாயர் கையிலும் இருந்தது. சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது.

நம் வீடுகளில் காடியின் இடத்தைக் கனி நிரப்பியது என்பது என் கருத்து. தேனில் ஊறிய நெல்லிக்காயும், இஞ்சிச் சாறும் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த பானமும் அதே இனிப்பு-புளிப்புக் கூட்டுத்தான். புளிப்பைக் கனியே தரும்போது காடிக்கு வேலையில்லை. மேற்கத்திய முறையில் செய்து பார்க்க விரும்புவோர், கழுவி ஈரம் போக உலர்த்திய துளசியையோ சீவிய இஞ்சியையோ கண்ணாடிப் புட்டியில் பாதியளவு இட்டு, தேனும் காடியும் சம அளவாக மூழ்க ஊற்றி, இரண்டு முதல் நான்கு வாரம் நிழலில் வைத்து வடிகட்டலாம். உலோக மூடி ஆகாது. காடி அதனை அரிக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த வடிவிலும் தேன் கொடுத்தலாகாது என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் 'சேனை' வைக்கும் வழக்கமுடையோர் இதனைக் கருத வேண்டும். அவ்வளவில் அம்மாணவியின் பாட்டிமார்க்கு நம்மினும் அச்சம் குறைவு.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவள் ஒரு சிறு தூக்கில் தன் தாயார் கிளறிய மருந்தைக் கொண்டுவந்தாள். வெல்லப்பாகில் சுக்கும் மிளகும் திப்பிலியும், மேலே நெய். என் தாயார் தேனில் குழைத்துத் தந்ததைவிடக் காரம் மிகுதி. அன்று மாலை ஆய்வேட்டின் என் படியை எடுத்து, அந்த இயலின் ஓரத்தில், 'காரியாசான், கணிமேதாவியார்: தேன் நீக்கிப் படிக்க' என்று பென்சிலால் எழுதினேன். திருமாலை வாழ்த்தித் திரிகடுகத்தைத் தொடங்கும் நல்லாதனார்க்கு அத்தடை இல்லை; அவர் பற்றிய பத்தியை மட்டும் அவ்வாறே விட்டுவைத்திருக்கிறேன்.