மூடியைத் திறந்தால் நிற்கணும்!

சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களைக் கேட்டால் ஆஹா, ஓஹோ என்பார்கள். அதே சாரலில் வீட்டில் துணி துவைத்துக் காயப்போடுகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு கதை சொல்வார்கள்!

போன ஆடியில் அந்தக் கதையை நேரில் பார்த்தேன். தென்காசி மாவட்டத்தில் மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி. வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம். அங்கே என் சித்தி வீட்டில் தங்கிக் கொண்டு, ஏழு பேர் குற்றாலத்துக்குப் போய் ஆட்டம் போட்டுவிட்டு வந்தோம். ஏழு பேரின் ஈரத்துண்டு, வேட்டி, சுடிதார் எல்லாம் சித்தி தலையில்.

சித்தி அசரவில்லை. அவளிடம் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஒரு பக்கம் துவைக்கும். இன்னொரு பக்கம் பிழியும். அந்தப் பிழிகிற பக்கத்துக்கு நம் ஊர்ப் பெயர் ‘டிரையர்’. துண்டுகளைத் திணித்து, மூடியைப் போட்டு, குமிழைத் திருகினாள். சர்ர்ரென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்தாள்.

டப்பா நிற்கவில்லை. சுற்றிக் கொண்டே இருந்தது.

சித்தி குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, சுற்றுகிற டப்பாவையே பார்த்துக் கொண்டு நின்றாள். வேகம் கொஞ்சம் குறைந்ததும் உள்ளே கையை விடப் போனாள். எனக்குப் பகீர் என்றது.

“என்ன சித்தி, நிக்காதா இது?”

“ஒரு வருசமா அப்படித்தாம்யா. நாமதான் பாத்துக் கைய விடணும்.”

விசாரித்தேன். ஒரு வருடம் முன்பு டிரையர் திடீரென்று மக்கர் பண்ணியிருக்கிறது. ‘உம்’ என்று சத்தம் மட்டும் வரும், சுற்றாது. ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றினார். அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டார். “டைரக்ட் குடுத்துட்டேன் அக்கா. இனி தொந்தரவே இருக்காது” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிக் கொண்டு போய்விட்டார்.

டைரக்ட்! எத்தனை வீடுகளில், எத்தனை சாமான்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். இதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது தெரியுமா?

முதலில் துணி உலர்ந்த கதையைப் பார்ப்போம்.

வெயில் காய்கிற ஊருக்கு உலர்த்தும் மெஷின் எதற்கு? ஒரு கொடிக்கயிறு போதும். கொச்சிக் கோட்டையில் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வம்சத்தினர் நடத்தும் சலவைத்துறை இன்றும் இருக்கிறது. அங்கே துணிக்குக் கிளிப்பே போடுவதில்லை. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

வெயில் இல்லாத நாளில்? கைக்குழந்தை இருந்த வீடுகளில் நம் பாட்டிகள் ஒரு வேலை செய்தார்கள். கங்கும் சாம்பிராணியும் போட்ட சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் குழந்தைத் துணியைப் பரப்புவார்கள். ஈரமும் போகும், வாசனையும் ஏறும்.

சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். உலகத்தின் முதல் டிரையரும் கிட்டத்தட்ட இதுதான். 1800 வாக்கில் பிரான்ஸ் நாட்டில் பொஷோன் என்பவர் ஓட்டை போட்ட உலோக உருளை ஒன்றைச் செய்தார். உள்ளே ஈரத்துணி, கீழே நெருப்பு. கைப்பிடியால் சுற்ற வேண்டும். துணி உலர்ந்தது. கொஞ்சம் அசந்தால் கரிந்தது. உலராமல் போனால் புகை நாற்றமாவது நிச்சயம்!

1892-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர், அடுப்புச் சூட்டில் துணி உலர்த்தும் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு வந்தார் ராஸ் மூர். பனி கொட்டும் வடக்கு டகோட்டாக்காரர். குளிரில் கொடியில் போட்ட துணி விறைத்துக் கட்டையாகிவிடுகிற ஊர். கொட்டகைக்குள் அடுப்பு வைத்து ஒரு உருளையைச் சுழல விட்டுப் பார்த்தார். வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹாமில்டன் கம்பெனி கை கொடுத்தது. அச்சகங்களுக்கு மர எழுத்துகள் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது! 1938-ல் ‘ஜூன் டே’ என்ற பெயரில் டிரையர் கடைக்கு வந்தது. அவர்களுக்கு ஜூன் மாதம் என்றால் இதமான வெயில். நமக்கு ஜூன் என்றால் சாரல்!

அதே 1938-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. நான் சொல்ல வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் காலத்து வாஷிங் மெஷின்களின் தலையில் இரண்டு ரப்பர் உருளைகள் இருக்கும். நடுவில் ஈரத்துணியைச் செருகினால் கரும்பு மெஷினில் கரும்பு போகிற மாதிரி நசுங்கி மறுபக்கம் வரும். மின்சார மோட்டார் சேர்ந்ததும் அந்த உருளைகளுக்கு வலு வந்துவிட்டது. துணிக்கும் விரலுக்கும் வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது. விரல் மாட்டினால் கை, கை மாட்டினால் முழங்கை. மாட்டியவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். 1938-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இப்படி மாட்டிய 26 பேரைப் பற்றிய அறிக்கை. காயத்துக்கு ஒரு பெயரே உண்டாகிவிட்டது. தமிழில் சொன்னால், ‘பிழிகருவிக் கை’.

உருளைகளுக்குப் பதிலாக வந்ததுதான் சுழற்றிப் பிழியும் டப்பா. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டையும் சேர்த்த மெஷின்கள் 1950-களின் கடைசியில் பிரிட்டனிலும், அடுத்து ஜப்பானிலும் பரவின. 1980-களின் பிற்பகுதியில் இந்திய வீடுகளுக்குள் மெல்ல நுழைந்து, இன்று ராயகிரி வரைக்கும் வந்துவிட்டன.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் தூக்கம் வராது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடு காட்டி ஆவியாக்க, நஷ்டமே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய முக்கால் யூனிட் கரண்ட் வேண்டும். இதையே சுழற்றிப் பிழிந்தால்? 150 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் எண்பதில் ஒரு பங்கு. நம் ஊருக்கு எது லாபம் என்று சொல்ல ஆடிட்டர் வேண்டாம். முக்கால்வாசி வேலையைச் சுழற்சி செய்யும். மீதியைக் கொடிக்கயிறு பார்த்துக் கொள்ளும்.

ஆனால் வரவுப் பக்கம் மட்டும் பார்த்தால் போதுமா? அந்த டப்பா நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று சுற்றுகிறது. மையத்திலிருந்து விளிம்பு அரை அடிக்கும் குறைவு. கணக்குப் போட்டால், விளிம்பின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர்! டவுன் பஸ் போகிற வேகத்தில் ஓடுகிற ஈரத்துண்டின் ஒரு முனை விரலில் சுற்றிக் கொண்டால் என்ன ஆகும்? நினைக்கவே வேண்டாம்.

அதனால்தான் அந்த மூடிக்குக் கீழே இரண்டு காவலாளிகளை வைத்தார்கள். ஒன்று, ஸ்விட்ச். மூடி திறந்தால் மோட்டாருக்குப் போகிற கரண்டை வெட்டும். இன்னொன்று, பிரேக். மூடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழே மோட்டார் வரை போகிறது. மூடியிருக்கும்போது அந்தக் கம்பி பிரேக்கை இழுத்து விலக்கி வைக்கும். திறந்தால் கம்பி தளரும். ஸ்பிரிங் பிரேக்கைத் தள்ளும். டப்பா நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கவனியுங்கள். கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? பிரேக் போய்விடும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஸ்பிரிங் இருக்கிறதல்லவா? பிரேக் பிடித்துக் கொள்ளும். டிரையர் சுற்றவே சுற்றாது. கெட்டுப் போனால் நின்றுவிட வேண்டும் என்று யோசித்தே இதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த யோசனை பழசு. 1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் லிஃப்ட் மேடையில் ஏறி நின்று கொண்டு, அதைத் தாங்கும் கயிற்றை வெட்டச் சொன்னார். கூட்டம் மூச்சைப் பிடித்துக் கொண்டது. மேடை விழவில்லை. கயிற்றின் இழுப்பு போனதும் ஸ்பிரிங் விரிந்து பக்கவாட்டில் கவ்விக் கொண்டது. 1870-களில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இதே யோசனையை ரயிலுக்குக் கொண்டு போனார். குழாயில் காற்று இருந்தால்தான் பிரேக் விலகும். குழாய் அறுந்தால் வண்டி தானாக நிற்கும். தென்காசிக்கு நீங்கள் ஏறி வருகிற பொதிகை எக்ஸ்பிரஸில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் காற்றழுத்தம் குறைவதால்தான்.

சித்தி வீட்டுக்கு வருவோம். அன்று ‘உம்’ என்று முனகி நின்ற டிரையர் தன் வேலையைத்தான் சரியாகச் செய்திருக்கிறது. கம்பி அறுந்தது, பிரேக் பிடித்துக் கொண்டது. வந்தவர் கம்பியை மாற்றவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டார். ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டினார். இரண்டு காவலாளிகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ‘ரிப்பேர்’ என்று பெயர் வைத்தார்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுச் சூட்டு டிரையரில் ‘தெர்மல் ஃபியூஸ்’ என்று குட்டிப் பொருள் ஒன்று உண்டு. சூடு அளவு மீறினால் தன்னை எரித்துக் கொண்டு மெஷினை நிறுத்தும். காற்றுப் போகிற வழியைத் துணிப் பஞ்சு அடைத்துக் கொண்டால் இப்படி நடக்கும். பஞ்சைச் சுத்தம் செய்துவிட்டு ஃபியூஸ் மாற்ற வேண்டும். அங்கேயும் அதன் குறுக்கே ஒரு வயரைப் போட்டு ‘டைரக்ட்’ கொடுக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். முதல் காரணம், சுத்தம் செய்யாதது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் பற்றி எரிந்ததற்கும் பழுதான ஒரு டிரையர்தான் காரணம் என்று தீயணைப்புத் துறை கண்டறிந்தது.

சரி, அன்று என்ன செய்தேன்? சங்கரன்கோவிலுக்கு ஆள் அனுப்பி, மெஷினின் மாடல் நம்பரைச் சொல்லி, பிரேக் கம்பியும் ஸ்பிரிங்கும் வாங்கி வரச் சொன்னேன். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக் கையில் இருக்க வேண்டும். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கெப்பாசிட்டர் என்று ஒரு டப்பி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் பக்கமே போகவில்லை. கம்பியின் மேல் முனையை மூடிக் கொக்கியிலும் கீழ் முனையை பிரேக் நெம்புகோலிலும் மாட்டினேன். ஸ்பிரிங்கைப் பழைய இடத்தில் போட்டேன். வயர் வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். முறுக்கி வைத்ததைப் பிரித்து ஸ்விட்சில் மாட்டிக் கொடுத்தார். இன்னொரு வயரில் எலி கடித்திருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து கொள்வதும் ரிப்பேரில் ஒரு பாதி. அதைத் தெரிந்து கொள்கிற உரிமையாவது நமக்கு வேண்டும். ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. உதிரி பாகம் எங்கே கிடைக்கும், யார் சரி செய்வார்கள் என்ற விவரங்களைக் கம்பெனிகள் வெளியே சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். வீட்டு உபயோகச் சாமான்களும் அதில் அடக்கம். நல்ல ஆரம்பம்.

உங்கள் வீட்டு டிரையரை இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். துணி போடாமல் ஓட விடுங்கள். மூடியைத் திறங்கள். கையைத் தூர வைத்துக் கொண்டு எண்ணுங்கள். பதினைந்து எண்ணுவதற்குள் நிற்கவில்லையென்றால் அதை ஓட்டாதீர்கள். பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இதை அச்சடித்திருக்கிறார்கள். நாம்தான் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பதில்லை.

ராயகிரியில் நாங்களும் சோதித்தோம். மூடியைத் திறந்தேன். ‘கர்ர்க்’. மூன்று எண்ணுவதற்குள் டப்பா நின்றது.

சித்தி எட்டிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். “ஏன்யா, நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு?” என்றாள்.

பக்கத்தில் அவள் பேத்தி நின்றிருந்தாள். நான்கு வயது. மூடி எப்போது திறக்கும் என்று பார்த்துக் கொண்டே இருந்தவள், சட்டென்று உள்ளே கையை விட்டுத் தன் குட்டிப் பாவாடையை எடுத்துக் கொண்டு கொடியைப் பார்த்து ஓடினாள்.

சித்தி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.