சார்ஜெண்டு ஏறிய படி

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவின்போது, ஆல்டர்ஷாட் ராணுவ நகரில் நடைபெற்ற டிரஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் ஸ்வீடன் தேசத்து மூவர் அணி முதலிடம் பெற்றது. மறு வருஷமே அந்த முதலிடம் ரத்துச் செய்யப்பட்டு, அடுத்து வந்த பிரான்சுக்கு அளிக்கப்பட்டது. குதிரைகளின் மீது யாதொரு குற்றமும் இல்லை. ஆடிய நடைகளிலும் எவரும் பழுது சொல்லவில்லை. மூவரில் ஒருவரான யெனெல் பெர்சன் என்பவர் கமிஷன் பெற்ற அதிகாரியல்லர், வெறும் சார்ஜெண்டு என்பதே தோஷம். போட்டிக்குச் சற்று முன்னதாக அவருக்கு அவசர அவசரமாக அதிகாரிப் பதவி கொடுத்து, விழா முடிந்த சில வாரங்களுக்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய ஸ்தானத்திலேயே இறக்கிவிட்ட ஸ்வீடன் ராணுவத்தின் சாமர்த்தியம் அம்பலமானபோது, சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்துக்குத் தன் விதிகளை நிலைநாட்டுவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த விதியின் தர்க்கம் விசித்திரமானது. ஒலிம்பிக் பந்தயம் அமெச்சூர்களுக்கு, அதாவது சம்பளத்தை நாடாமல் கலையின் மீதுள்ள பிரியத்தால் மட்டும் அதில் ஈடுபடுகிறவர்களுக்கு, உரியது என்பது அக்காலத்துச் சித்தாந்தம். அதிகாரியும் கனவானும் தம் கௌரவத்துக்காகச் சவாரி செய்கிறவர்கள், ஆகவே அமெச்சூர்கள். சார்ஜெண்டோ குதிரை பழக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர், ஆகவே தொழிலாளி. இருவருக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்துதான் வந்தது என்பதை அந்தச் சித்தாந்திகள் கவனித்ததாகத் தெரியவில்லை. தினந்தோறும் விடியுமுன் லாயத்துக்குப் போய்க் குதிரையோடு வியர்வை சிந்தியவனுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கோ கதவு என்ற ஒன்றே இருக்கவில்லை.

இந்தக் கலை அரசர்களின் நிழலில் வளர்ந்ததால் நேர்ந்த வினை இது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஸெனபோன், பலாத்காரத்தால் குதிரையிடம் அழகை வருவிக்க முடியாதென்று எழுதி வைத்தார் என்றாலும், அந்த ஞானம் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, பிரான்சில் பதின்மூன்றாம் லூயி மன்னருக்குச் சவாரி கற்பித்த ப்ளூவினெல் முதலிய ஆசான்களின் காலத்தில்தான் அரண்மனைப் பயிற்சிக்கூடங்களில் மீண்டும் உருப்பெற்றது. வியன்னாவில் ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி கட்டுவித்து 1735இல் முடிவுற்ற மண்டபத்தில் வெண்ணிற லிப்பிஸானர் குதிரைகள் இன்றும் அந்தப் பழைய நடைகளை ஆடிக் காட்டுகின்றன. அரசர்களின் காலம் மங்கியபின் வித்தை குதிரைப்படைகளின் கைக்கு மாறியது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அது எவ்வளவு பட்டாள வாசனை வீசியது என்பதற்கு ஒரு விவரம் போதும்: நடைகளை முடித்த குதிரை சிறு தடைகள் சிலவற்றைத் தாண்டவேண்டும், அவற்றுள் ஒன்று குதிரையை நோக்கி உருட்டிவிடப்படும் பீப்பாய்! மூன்று பதக்கங்களையும் ஸ்வீடன் தேசத்து அதிகாரிகளே வாரிக்கொண்டு போனார்கள்.

பெர்சன் விவகாரத்துக்குப் பிறகு விதி நிலைக்கவில்லை. 1952இல் ஹெல்சிங்கி விழாவில் சார்ஜெண்டுகளுக்கும் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஹென்றி செயின்ட் சீர், போல்டன்ஸ்டெர்ன், பெர்சன் என்ற அதே மூவரும் அங்கே மீண்டும் வென்று, பறிபோன பொன்னை எவருடைய தயவுமின்றி மீட்டுக்கொண்டார்கள். ஆயினும் அவ்வருஷத்தின் பேச்சு அவர்களைப் பற்றியதன்று. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற மாதைப் பற்றியது. 1944இல், இருபத்துமூன்றாம் வயதில், கர்ப்பவதியாயிருந்த காலத்தில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட அவருக்கு முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவேயில்லை. குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் கைகொடுக்க வேண்டும். சவாரிக்காரன் குதிரையோடு பேசும் பாஷையில் பாதி கெண்டைக்காலின் அழுத்தத்தில் இருக்க, அந்தப் பாதியை இழந்த ஒருவர் ஜூபிலி என்ற தம் பெண்குதிரைக்கு முதுகின் அசைவையும் உடற்பாரத்தின் நுண்ணிய மாற்றத்தையுமே கட்டளையாகப் பழக்கி, முன்பு அதிகாரிகளுக்கும் கனவான்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த அரங்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்றால், ஸெனபோன் சொன்னதற்கு அதைவிடச் சிறந்த பாஷ்யம் எழுத எந்தப் பண்டிதராலும் ஆகாது. நான்கு வருஷம் கழித்து மீண்டும் ஒருமுறை அதே பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

இதற்கிடையே இயந்திர யுத்தம் குதிரைப்படைகளைக் கலைத்துவிட்டிருந்தது. வேலையற்றுப்போன ஆசான்கள் பலர் ஊர் ஊராகச் சிதறி, பணம் கட்டிக் கற்க வந்த சாதாரண ஜனங்களுக்கு வித்தையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ராணுவம் செய்த மகா உபகாரம் தன் மறைவினாலேயே நிகழ்ந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஸ்வீடன் படையின் கர்னலாயிருந்த பெங்ட் யுங்க்விஸ்ட் பயிற்றுவித்த அமெரிக்க அணி 1976இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. அணியின் மூவரும் பெண்கள். அவர்களில் ஹில்டா கர்னி என்பவர் பள்ளி ஆசிரியை, அவர் ஏறிய கீன் என்ற குதிரை ஆயிரம் டாலருக்கு வாங்கப்பட்டது.

அமெரிக்க டிரஸ்ஸாஜ் சம்மேளனம் ஸ்தாபிதமானது 1973இல். அந்நாட்டில் இன்று ஓர் அமெச்சூருக்கு எதிரே இருக்கும் ஏணி பதவியால் அமைந்ததன்று: பயிற்சி நிலை, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று தொடங்கி நான்காம் நிலை வரையும், அதற்கப்பால் சர்வதேசத் தேர்வுகளைக் கடந்து கிராண்ட் பிரீ வரையும் படிகள். அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட, எழுத்துப் பலகைகள் நட்ட களத்தில், ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை நடுவர் மதிப்பெண் இடுகிறார். நூற்றுக்கு அறுபது வந்தால் அடுத்த படியைப் பற்றி யோசிக்கலாம் என்பது வழக்கத்தில் உள்ள ஓர் அளவுகோல்.

பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் லாயத்துக்கு ஓடுகிறவர்களில் பலர் வருஷக்கணக்காகத் தங்கிவிடும் இடம் முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவிலுள்ள வாசற்படி. கீழ்நிலைகளில் துள்ளுநடையின்போது சேணத்திலிருந்து எழுந்தெழுந்து அமர்ந்து அதிர்ச்சியைத் தவிர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் நிலையில் அந்தச் சலுகை இல்லை, இடுப்பு நெகிழ்ந்து குதிரையின் முதுகோடு ஒட்டியே இருக்கவேண்டும். குதிரையும் தன் பாரத்தைப் பின்கால்களில் ஏற்று உடலைத் திரட்டிக்கொள்ளக் கற்றிருக்கவேண்டும். முன்தோளை உள்ளே திருப்பியபடி சாய்ந்து நடக்கும் பயிற்சியும் இங்கேதான் முதன்முதல் தேர்வில் வருகிறது. பாரிஸில் அரச பயிற்சிக்கூடத்தை நடத்திய கெரினியேர் 1733இல் வெளியான தம் நூலில் குதிரைப் பயிற்சி அனைத்துக்கும் ஆதாரமாகக் கொண்டாடிய அப்பியாசம் அது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கென்று அவர் வகுத்ததை, கடன் தவணை கட்டி வாங்கிய குதிரைமேல் ஒரு குமாஸ்தாப் பெண், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முழங்கை விறைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு செய்து பார்க்கிறாள். ஐந்தரை மதிப்பெண், குதிரையின் கழுத்து மட்டும் வளைந்தது, உடல் வளையவில்லை என்று ஓரத்தில் குறிப்பு. கெரினியேரின் சீடர்களும் இதே குறையை நிச்சயம் கேட்டிருப்பார்கள்.