ஷிகாவின் கிருமி

மேனாட்டு வைத்திய சாஸ்திரம் ஜப்பானில் வேரூன்றி வந்த காலத்தில், 1897ஆம் ஆண்டின் கோடையிலே, சீதபேதி அந்நாடெங்கும் கொள்ளை நோயாகப் பரவி, ஆண்டு முடிவதற்குள் 90,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்து, அவர்களுள் ஐவரில் ஒருவருக்குக் குறையாமல் உயிர் கவர்ந்தது. அப்போது டோக்கியோவில், கிடாசாட்டோவின் தலைமையில் நடைபெற்ற தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கியோஷி ஷிகா என்னும் இளம் வைத்தியர், 36 நோயாளிகளின் மலத்தைப் பொறுமையோடு பரிசோதித்து, கோல் வடிவமான ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். அந்தக் கிருமி வர்க்கம் இன்றும் அவர் பெயராலேயே ஷிகெல்லா என வழங்குகிறது.

காரணம் தெரிந்தும் பரிகாரம் நெடுங்காலம் கிட்டவில்லை. காய்ச்சலும் வலிப்பும் கண்டு ஓரிரு நாட்களிலேயே சிறு குழந்தைகளை மாய்த்த கொடிய வகைச் சீதபேதியை ‘எகிரி’ என்று அழைத்து ஜப்பானியத் தாய்மார் அஞ்சி வாழ்ந்தனர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் சல்பா மருந்துகள் தாராளமாகக் கிடைக்கவே நோய் சிறிது தணிந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் ஆகியவற்றை வைத்தியர்கள் கையாண்டனர். 1955இல் இம்மூன்றுக்கும் சல்பாவுக்கும் ஒருங்கே அடங்காத ஷிகெல்லா ஒரு நோயாளியிடம் வெளிப்பட்டது.

ஒரு மருந்தை எதிர்க்கும் மாறுதல் கோடியில் ஒரு கிருமிக்குத் தற்செயலாக நேரலாம். நான்கையும் எதிர்க்கும் சக்தி ஒரே கிருமிக்கு ஒருங்கே வந்தது எவ்வாறு என்பது அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அத்தகைய நோயாளிகளின் குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலி கிருமிகளும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்ததைக் கண்ட ஓச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள், 1959இல், எதிர்ப்புள்ள ஒரு கிருமியை எதிர்ப்பற்ற மற்றொன்றோடு கலந்து வளர்த்து, எதிர்ப்புச் சக்தி ஓரினத்திலிருந்து வேறோரினத்துக்கு முழுமையாகக் கைமாறுவதைத் தனித்தனியே நிரூபித்தன. ஜப்பானிய மொழியில் முடங்கிக் கிடந்த இந்த ஆராய்ச்சிகளை 1963இல் சுதோமு வதானபே ஆங்கிலத்தில் தொகுத்துரைத்த பின்னரே உலகம் இதன் கனத்தை உணர்ந்தது. 1969இல் குவாதமாலாவில், அதே நான்கு மருந்துகளையும் எதிர்த்த ஷிகாவின் கிருமி 10,000 பேருக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது.

சாதாரணப் பேதி கண்ட ஒரு குழந்தைக்கு அவசியமின்றிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வேளைக் கிருமிக்கொல்லி மருந்தும் அக்குழந்தையின் குடலிலுள்ள தீங்கற்ற கிருமிகளுள் எதிர்ப்புள்ளவற்றையே மிஞ்ச வைக்கிறது என்பதும், அவை தம் எதிர்ப்பை அடுத்த கட்டிலில் கிடக்கும் குழந்தையின் நோய்க்கிருமிக்கும் ஈயக்கூடும் என்பதும் இந்த வரலாற்றால் விளங்கும். பேதியால் வாடும் குழந்தைக்கு நாம் முதலில் செய்ய வேண்டுவது, அது இழந்த நீரையும் உப்பையும் மீட்டளிப்பதே. கிருமிக்கொல்லி மருந்தோ, இரத்தபேதி போன்ற கடும் நோய்களுக்கு வைத்தியரின் தீர்மானப்படி வழங்கப்பட வேண்டியது. அம்மருந்துகளின் ஆற்றல் குழந்தைகள் அனைவருக்கும் பொதுவான சொத்து. அதை வீணாகச் செலவிடுகிறவர் பிறிதொரு குழந்தையின் பங்கையே செலவிடுகிறார்.