நான்கு நிமிடத்தில் பனாமா

1896 அக்டோபரில் வெனிஸ் பெருங்கால்வாயில் ஒரு கொண்டோலா போய்க்கொண்டிருந்தது. லூமியர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்ஸாந்த்ர் ப்ரோமியோ தன் சினிமாட்டோகிராஃப் பெட்டியோடு அதில் இருந்தார். அதுவரை கேமராவை முக்காலியில் நிறுத்தி, எதிரே ஓடுவதையும் நடப்பதையும் எடுப்பதுதான் வழக்கம். நிற்கிற கேமரா அசைகிற பொருளைக் காட்டுமென்றால், அசைகிற கேமரா நிற்கிற பொருளைக் காட்டாதா? இந்த யோசனையைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றினார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்தில் மாளிகைகள் வரிசையாக நகர்ந்து போகின்றன.

சொகுசுக் கப்பலின் பால்கனிக் கம்பியில் சின்ன கேமராவைக் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் எல்லாம் ப்ரோமியோவின் வாரிசுகள்தான். ஒரே வித்தியாசம், சில நொடிகளுக்கு ஒரு படம் வீதம் இயந்திரமே எடுத்துக்கொள்ளும். அதுவும் பழைய வித்தைதான். நியூயார்க்கில் ஸ்டார் தியேட்டரை இடித்ததை 1901-லேயே இப்படிச் சுருக்கிக் காட்டிவிட்டார்கள்.

கப்பலில் தொல்லைகள் உண்டு. இன்ஜின் அதிர்வு, லென்ஸில் உப்புத் திவலை, ராத்திரியில் டெக் விளக்கு. நட்சத்திரத்தை எடுக்கலாம்னு ஆசைப்பட்டால் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். அதனாலோ என்னவோ, அலையில்லாத பனாமா கால்வாய் இவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்.

பயணம் எப்படியும் ஒன்பது மணி நேரம். ஐந்து நொடிக்கு ஒரு படம் எடுத்து, நொடிக்கு 25 படமாக ஓட்டினால் நான்கே கால் நிமிடத்தில் முடிந்துவிடும். அட்லாண்டிக் பக்கம் 'லாக்' எனப்படும் தொட்டிகளில் கப்பலைப் படிப்படியாக ஏற்றி, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காத்தூன் ஏரியில் விடுகிறார்கள். இதற்குப் பம்பு கிடையாது. ஏரித் தண்ணீர் தானாக இறங்கித் தொட்டியை நிரப்புகிறது. பழைய லாக்கில் ஒரு தொட்டி நிரம்ப ஏறக்குறைய எட்டு நிமிடம். டெக்கில் பேசிக்கொண்டு நிற்பவருக்கு ஏறுவதே தெரியாது. டைம்லாப்ஸில் அது நான்கு நொடி. கப்பல் லிஃப்ட் மாதிரி எழும்புகிறது. கண்ணுக்குத் தப்பியதைக் கேமரா பிடித்துவிடுகிறது, சந்தேகமில்லை.

ஆனால் பழைய லாக் வாசலில் கயிறு கொண்டுவர இரண்டு பேர் துடுப்புப் படகில் கப்பலை நோக்கி வருவது நெடுங்காலப் பழக்கம். இவ்வளவு பெரிய இயந்திர ஏற்பாட்டில் மனிதக் கை வந்து தொடும் இடம் அது. இரண்டு நிமிட வேலை, படத்தில் ஒரு நொடி. தூசி பறந்த மாதிரி இருக்கும்.

அடுத்து ஏரி. சாக்ரெஸ் ஆற்றுக்கு அணை போட்டு, ஊர்களையும் பழைய ரயில்பாதையையும் மூழ்கடித்து உண்டாக்கியது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் அங்கங்கே தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத் தாண்டினால் மலையை வெட்டிய குலேப்ரா. படத்தில் அரை நிமிடம்கூட இல்லை. 1904 முதல் 1914 வரை, அமெரிக்கர்கள் கட்டிய காலத்தில் மட்டும் விபத்திலும் நோயிலும் 5,609 பேர் செத்ததாக அரசுக் கணக்கு. பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்கா போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த கறுப்பினத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் தோண்டிய காலத்துச் சாவு இதில் சேராது.

இந்த அவசரத்துக்கு நேரெதிரான காரியத்தை நார்வே செய்து பார்த்தது. 2011 ஜூனில், பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை கரையோரமாகப் போகும் ஹூர்டிக்ரூட்டன் கப்பலை அரசுத் தொலைக்காட்சியான என்ஆர்கே நேரலையாக ஒளிபரப்பியது. 134 மணி நேரம், ராத்திரி பகலாக! யார் பார்ப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஏறக்குறைய 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் 32 லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள். விஷயம் பரவப் பரவ, துறைமுகங்களில் ஜனம் கூடிவிட்டது. அட்டை எழுதிப் பிடித்தார்கள், படகெடுத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். அரசி சோனியாவும் தன் படகிலிருந்து கையசைத்தார்.

இதே பயணத்தை அரை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்திருந்தால் பதினோரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். கரையில் நின்று அரை நிமிடம் கையாட்டிய ஆளுக்கு அதில் ஒரே ஒரு படம். கை மேலே போனதா கீழே வந்ததா என்றுகூடத் தெரியாது.