தலைமை நீதிபதிக்கு எத்தனை ஓட்டு?

பழவேற்காடு ஊரிலிருந்து பார்த்தால் நீருக்கு அந்தப் பக்கம் தெரிவது லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். அந்தப் பகுதி மீனவர்களுக்கு டெல்லி ரொம்ப தூரம். டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றம் அதைவிட தூரம். ஆனால் 1996 டிசம்பர் 11 அன்று அந்த நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பில் அவர்களுடைய ஏரியின் பெயர் நேராகவே வந்தது. சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டர் தூரத்துக்குள் இறால் பண்ணை எதுவும் அமைக்கக் கூடாது என்பது உத்தரவு.

வழக்கு போட்டவர் கிராம சுயராஜ்ய இயக்கத்தைச் சேர்ந்த காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன். தஞ்சை, நாகைப் பக்கம் இறால் பண்ணைகள் பெருகி, நிலமும் குடிநீரும் உப்பாகிப் போனதைப் பார்த்து, 1994ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு சொன்னவர்கள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது இருவரும். அப்போது இந்தியாவின் தலைமை நீதிபதி ஏ.எம்.அகமதி. அவர் அந்த பெஞ்சில் இல்லை.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. நாட்டின் மிகப் பெரிய நீதிபதி உட்காராமலேயே இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்துவிடுகிறது என்றால், அவருக்கு வேலைதான் என்ன?

ஒரு நீதிபதி, ஒரு ஓட்டு

தலைமை நீதிபதி என்றால் மற்ற நீதிபதிகளுக்கு முதலாளி, அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. ஐந்து பேர் பெஞ்சில் தலைமை நீதிபதி உட்கார்ந்தால் அவருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். மற்ற மூன்று பேர் எதிராகப் போனால் அவர் தோற்றுப்போவார்.

1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கியது. அரசியல் சட்டத்தின் 124வது பிரிவு அன்று சொன்னது, ஒரு தலைமை நீதிபதி, அதிகபட்சம் ஏழு நீதிபதிகள் என்று. வழக்குகள் பெருகப் பெருக எண்ணிக்கையும் கூடி, 2019ல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 ஆனது.

அமெரிக்காவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குகளைத் தீர்ப்பார்கள். எந்த வழக்கு யாருக்கு என்ற பேச்சே அங்கே இல்லை. இந்தியாவில் அப்படி முடியாது. இரண்டு பேர், மூன்று பேர் என்று பிரிந்து உட்காருகிறார்கள். அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்ல வேண்டிய முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அப்படியானால் யார் யாரோடு உட்காருவது, எந்த வழக்கு எந்த பெஞ்சுக்குப் போவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒருவர்தான் தலைமை நீதிபதி. இந்தப் பட்டியலுக்கு ரோஸ்டர் என்று பெயர்.

தலைமை நீதிபதியின் உண்மையான பலம் அவருடைய ஓட்டில் இல்லை. இந்த ரோஸ்டரில் இருக்கிறது.

பட்டியல் எழுதும் கை

இது ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி தோன்றலாம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் புரியும்.

1967ல் கோலக்நாத் வழக்கு. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியுமா என்பது கேள்வி. ராஜமுந்திரியில் பிறந்து சென்னையில் வக்கீலாக இருந்த கே.சுப்பா ராவ் அப்போது தலைமை நீதிபதி. 11 பேர் கொண்ட பெஞ்சை அமைத்து, தானும் அதில் உட்கார்ந்தார். முடியாது என்று 6 பேர், முடியும் என்று 5 பேர். ஒரே ஓட்டு வித்தியாசம்.

1973ல் கேசவானந்த பாரதி வழக்கு. தலைமை நீதிபதி எஸ்.எம்.சிக்ரி 13 பேர் பெஞ்சை அமைத்தார். திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று 7 பேர் சொன்னார்கள். மற்ற 6 பேர் அதை ஏற்கவில்லை. மறுபடியும் ஒரே ஓட்டு. பெஞ்சில் ஒரே ஒருவர் மாறியிருந்தால் நாட்டின் வரலாறே வேறு பக்கம் போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது 1975 நவம்பரில் நடந்தது. எமர்ஜென்சி நேரம். அன்றைய தலைமை நீதிபதி ஏ.என்.ரே, கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுபடி ஆராய 13 பேர் பெஞ்சைக் கூட்டினார். வக்கீல் நானி பால்கிவாலா எதிர்த்து வாதாடினார். மூன்றாம் நாள் தலைமை நீதிபதியே பெஞ்சைக் கலைத்துவிட்டார். கூட்டியவரும் அவரே, கலைத்தவரும் அவரே. இன்றைக்கும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கருத்து நிலைத்து நிற்கிறது என்றால், அதற்கு அந்த மூன்று நாட்களும் ஒரு காரணம்.

பழவேற்காட்டுப் பாடு

தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இதைப் புரிந்துகொள்ள மறுபடியும் பழவேற்காட்டுக்கே போகலாம்.

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடங்கள் குறைவு, வலை போடுபவர்கள் அதிகம். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் பலம் உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வான், தினம் தினம் சண்டை வரும். அதனால் அந்த மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். பாட்டில் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் கிராமங்களுக்குள் தகராறு வந்ததும் உண்டு. ஆனாலும் முறை என்ற ஒன்று இருப்பதால்தான் ஏரி இத்தனை காலம் பலருக்குச் சோறு போட்டிருக்கிறது.

உச்ச நீதிமன்றத்திலும் இதுபோல் ஒரு முறை உண்டு. அதுதான் சீனியாரிட்டி. தலைமை நீதிபதி 65 வயதில் ஓய்வு பெற்றதும், அடுத்து மூத்தவராக இருப்பவர் அந்த நாற்காலிக்கு வருவார். இந்த விதி அரசியல் சட்டத்தில் எழுதப்படவே இல்லை. ஜனாதிபதி நியமிப்பார் என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. பாட்டைப் போல இதுவும் வழக்கத்தால் வந்தது.

காப்பாற்றப்பட்ட முறை

இந்த வழக்கத்துக்கு முதல் சோதனை வந்தது ஒரு தமிழர் விஷயத்தில்.

1951 நவம்பர் 6 அன்று முதல் தலைமை நீதிபதி எச்.ஜே.கனியா பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்த மூத்தவர் எம்.பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வருமான வரி வழக்குகளில் பெயர் வாங்கி, 1939ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். அவரைத் தாண்டி வேறொருவரைக் கொண்டுவர நேரு அரசு யோசித்ததாகவும், அப்படிச் செய்தால் எல்லோரும் ராஜினாமா செய்வோம் என்று மற்ற நீதிபதிகள் சொன்னதாகவும் நீதிமன்ற வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரசு பின்வாங்கியது. நவம்பர் 7 அன்று பதஞ்சலி சாஸ்திரி பதவி ஏற்றார். 1954 ஜனவரி வரை இருந்தார்.

அவர் அரசுக்கு எப்போதும் எதிரி என்று சொல்ல முடியாது. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்தலாம் என்று 1951ல் சங்கரி பிரசாத் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் அவர்தான். அதே நேரம், சென்னை மாகாண அரசு ஒரு பத்திரிகைக்குத் தடை போட்டபோது அது செல்லாது என்று 1950ல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் எழுதியவரும் அவர்தான். 1952ல் வி.ஜி.ராவ் வழக்கில், ஒரு சங்கத்தைச் சட்ட விரோதம் என்று அறிவிக்க சென்னை அரசு வைத்திருந்த சட்டப் பிரிவும் அவர் தலைமையில் ரத்தானது. தன் நாற்காலிக்காக அவர் யாருக்கும் கடன்படவில்லை. அதனால் அரசுக்குச் சாதகமாகவும் எழுத முடிந்தது, பாதகமாகவும் எழுத முடிந்தது.

உடைக்கப்பட்ட முறை

1973ல் கதை மாறியது. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது ஏப்ரல் 24. அடுத்த நாளே புதிய தலைமை நீதிபதி யார் என்ற அறிவிப்பு வந்தது. ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே நியமிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தவர்கள். ரே அரசுக்குச் சாதகமான சிறுபான்மையில் இருந்தவர். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து அதன் விலை தெரிந்தது. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. எமர்ஜென்சியில் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர் கோர்ட்டுக்கு வர முடியுமா என்று கேட்டபோது, முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் முடியும் என்றார். 1977 ஜனவரியில் அவர்தான் அடுத்த தலைமை நீதிபதியாக வந்திருக்க வேண்டும். அவரைத் தாண்டி எம்.எச்.பெக் நியமிக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். அன்று நாலுக்கு ஒன்று என்று தோற்ற கன்னாவின் கருத்தே சரி என்று 2017ல் தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அதற்கு 41 ஆண்டு ஆனது.

இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தது. 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலம் நீக்கப்பட்டார். அந்த நாற்காலியில் மொஹான் பீரிஸ் அமர்ந்தார். 2015ல் ஆட்சி மாறியதும் அந்த நீக்கம் செல்லாது என்று சொல்லி ஷிராணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர் உடனே ஓய்வு பெற, அடுத்து வந்தவர் தமிழரான கே.ஸ்ரீபவன்.

அதற்குப் பிறகு

1977க்குப் பிறகு இந்தியாவில் சீனியாரிட்டி மீறப்படவில்லை. இதில் ஒரு குறையும் இருக்கிறது. முறைப்படி வருவதால் சிலருக்குக் காலம் மிகக் குறைவு. ஒய்.வி.சந்திரசூட் 1978 முதல் ஏழு ஆண்டுக்கு மேல் இருந்தார். 1991ல் கே.என்.சிங் மூன்று வாரம்கூட முழுதாக இருக்கவில்லை.

ஈரோடு மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பி.சதாசிவம் 2013 ஜூலையில் தலைமை நீதிபதியாகி ஒன்பது மாதம் இருந்தார். ஓட்டு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது அவர் தலைமையிலான பெஞ்சின் தீர்ப்பால். பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தூக்குத் தண்டனை 2014 பிப்ரவரியில் ஆயுள் தண்டனையானதும் அவர் பெஞ்சில்தான். அதே ஆண்டு அவர் கேரள ஆளுநரானபோது, தலைமை நீதிபதியாக இருந்தவர் இப்படிப் பதவி ஏற்கலாமா என்ற விவாதமும் எழுந்தது.

நாற்காலிக்கு வருவதில் முறை இருக்கிறது சரி. வந்த பிறகு பட்டியல் எழுதுவதில் முறை இருக்கிறதா? 2018 ஜனவரி 12 அன்று செலமேஸ்வர், ரஞ்சன் கோகாய், மதன் லோகூர், குரியன் ஜோசப் என்ற நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முக்கியமான வழக்குகள் சரியான முறையில் ஒதுக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், ரோஸ்டர் தலைமை நீதிபதி கையில்தான் இருக்கும் என்று தீர்ப்பளித்தது.

ஜெர்மனியில் வேறு மாதிரி. எந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்று ஆண்டு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். இடையில் யாரும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஏறக்குறைய பழவேற்காட்டுப் பாடு மாதிரிதான்.

முடிவாக

1996 தீர்ப்பு என்ன ஆனது? 2005ல் நாடாளுமன்றம் கடலோர இறால் வளர்ப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த கடற்கரை ஒழுங்குமுறைத் தடையிலிருந்து பண்ணைகளுக்கு விலக்கு கிடைத்தது. பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்றானது. நீதிமன்றம் சொன்னதே கடைசி வார்த்தை இல்லை என்பது கடலோர மக்களுக்கு அன்று புரிந்தது.

ஆனாலும் ஒன்று மறக்கக் கூடாது. ஒரு வயதான காந்தியவாதி கொண்டுவந்த மனுவை எடுத்து, பெரிய கம்பெனிகளைப் பார்த்துப் பயப்படாத ஒரு பெஞ்ச் விசாரித்ததால்தான் பழவேற்காடு ஏரியின் பெயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. அதே மனு வேறொரு பெஞ்சுக்குப் போயிருந்தால் முதல் நாளே தள்ளுபடி ஆகியிருக்கலாம்.

நல்லவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பட்டியல் நன்றாக இருக்கும் என்று நம்புவது ஒரு வழி. யார் உட்கார்ந்தாலும் பட்டியல் நன்றாக இருக்கும்படி முறையை எழுதி வைப்பது இன்னொரு வழி. ஏரியில் நல்ல இடத்தை ஒருவருடைய நல்ல மனதை நம்பி விட முடியாது என்பது பழவேற்காட்டு மீனவர்களுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் அவர்கள் சீட்டுப் போடுகிறார்கள்.