தறிக்கு இரண்டு ஜிபி

இன்றைக்குக் கடையில் போய் 2 ஜிபி பென்டிரைவ் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அதெல்லாம் வருவதே இல்லை, 64 எடுத்துக்கொள்ளுங்கள், விலையும் ஒன்றும் பெரிதில்லை என்பார். காஞ்சிபுரத்தில் பழைய எலக்ட்ரானிக் ஜக்கார்டு மாட்டிய தறி வைத்திருப்பவருக்கு அந்தப் பதிலால் பிரயோசனமில்லை. அவருக்கு வேண்டியது அந்தச் சின்ன பென்டிரைவ்தான். மூடி தொலைந்து, மேலே அச்சடித்த எழுத்து தேய்ந்து, அது தறிக்குப் பக்கத்து மாடத்தில் கிடக்கும். பாட்டு ஏற்றிக்கொள்ள வீட்டுப் பிள்ளைகள் எடுத்தால் திட்டு விழும்.

அது அங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. மின்சாரம் போன பிறகும் தகவலை மறக்காத ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்தார். இன்றைய பென்டிரைவுகளில் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் வந்தது. அதைச் செருகுகிற யுஎஸ்பி வாயில் 1996-இல் வெளியானது. இன்டெலில் அதை உருவாக்கிய குழுவில் முன்னால் நின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட். இரண்டும் சேர்ந்து விரலளவுப் பொருளாக விற்பனைக்கு வந்தது 2000-ஆம் ஆண்டில். சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் ஒரு பக்கம், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்ததை ஐபிஎம் விற்றது இன்னொரு பக்கம். கொள்ளளவு 8 எம்பி. 1.44 எம்பி ஃபிளாப்பியைச் சுமந்துகொண்டிருந்த உலகத்துக்கு அதுவே பெரிய சொத்து. சில வருஷங்களில் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் அது கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்தது.

தறியின் பக்கத்திலிருந்து வந்த வழி இதைவிடப் பழையது. காஞ்சிபுரத்தில் முன்பு அடை கட்டி நெய்தார்கள். எந்த ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளிலேயே கட்டி வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஜக்கார்டு பெட்டி வந்தது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் செய்த ஏற்பாடு அது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் கிடக்கும். அதே போன்ற துளை அட்டைகளை வைத்துத்தான் ஹெர்மன் ஹாலரித் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகையை எண்ணினார். கணினிக்கு நெடுநாள் சோறு போட்டதும் அந்த அட்டைதான். இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் 1983-இல் மிலான் கண்காட்சியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டைக் காட்டியபோது தறியிலிருந்து அட்டை விலக ஆரம்பித்தது. இழையைத் தூக்கும் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு மின்காந்தம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி சொல்லும். அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஆரம்பத்தில் ஃபிளாப்பி, பிறகு பென்டிரைவ்.

இப்போது ஒரு முந்தானை டிசைன் தறிக்குப் போகும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டிசைன் போடுகிற பையன் கணினித் திரையில் கட்டம் கட்டமாக வரைகிறான். யாளி, அன்னப்பட்சி, ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, எதுவானாலும் கடைசியில் அது கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள்தான். குறுக்கே எண்ணினால் கொக்கி, மேலிருந்து கீழே எண்ணினால் ஊடை. ஒரு கட்டம் கறுப்பென்றால் அந்தக் கொக்கி எழ வேண்டும். வேலை முடிந்ததும் பிட்மேப் கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் போட்டு, தறிக்காரர் கையில் கொடுத்துவிடுவான். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வீடு வந்து, தறியோடு இருக்கும் பெட்டியில் செருகுவார். அடுத்த மிதிக்கு அடுத்த வரிசை. நாடாவை எறிவதும், ஜரிகையைச் சரிபார்ப்பதும், கோர்வையில் உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் கோத்துப் பிடிப்பதும் முன்போலவே மனிதர் கைதான். பெட்டிக்கு மின்சாரம் வந்ததால் இது கைத்தறியா என்று கேட்பவர்கள் உண்டு. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். கால் வலியும் தோள் வலியும் குறையாத வரைக்கும் அது கைத்தறிதான் என்பது என் எண்ணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 240 கொக்கி, 3,000 ஊடை உள்ள ஒரு முந்தானையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 7,20,000 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பிட் என்றால் 90,000 பைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குள் இதைப் போல இருபது முப்பது முந்தானைகள் அடங்கிவிடும். 2000-ஆம் ஆண்டின் அந்த முதல் 8 எம்பி பென்டிரைவிலேயே எண்பதுக்கு மேல் வைக்கலாம். 2 ஜிபியில் இருபதாயிரத்துக்கும் மேல். ஒரு நெசவாளர் வாழ்நாள் முழுக்க நெய்தாலும் தீராது. அட்டையில் இதே முந்தானைக்கு 3,000 அட்டை குத்தி, வரிசை மாறாமல் கோத்து, தறிக்கு மேலே தொங்கவிட வேண்டும். டிசைன் மாற்றினால் அந்தச் சுமையை இறக்கிக் கட்டி மூலையில் போட வேண்டும். எலியும் கரையானும் அதற்காகவே காத்திருக்கும்.

ஆகவே தறியின் அளவுக்கு அந்தச் சின்ன பென்டிரைவ் சின்னதே இல்லை. பெரியதை வாங்கினால் வேறு தொல்லை வருகிறது. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றுக்கு ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் அடுக்கிய பென்டிரைவ்தான் புரியும். பழைய ஃபேட்16-இன் வழக்கமான எல்லையே 2 ஜிபி. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் அடுக்கப்பட்டே கடைக்கு வருகின்றன. அதைச் செருகினால் பெட்டி ஒன்றுமே செருகாதது போல உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் வழக்கமான வழியில் ஃபேட்32-ஆக மாற்றப் போனால் 32 ஜிபிக்கு மேல் நெடுங்காலம் விட்டதில்லை. இது காஞ்சிபுரத்தின் தலைவிதி மட்டுமில்லை. போயிங் 747-400 விமானங்களுக்கு 28 நாளுக்கு ஒருமுறை வழித்தடத் தகவலைப் புதுப்பிக்க இன்னமும் ஃபிளாப்பி கொண்டுபோகிறார்கள் என்று 2020-இல் செய்தி வந்தது. விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் நன்றாக ஓடும்போது அதன் வாய்க்கு ஏற்ற ஊட்டத்தைத் தேடிப் பிடிப்பதுதான் நியாயம். பட்டுச்சேலைக் கூலியில் வாழ்கிறவர் பென்டிரைவுக்காகப் பெட்டியை மாற்ற முடியாது.

எனக்குத் தெரிந்த வயதான தறிக்காரர் ஒருவரின் பென்டிரைவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு நிறம், 2 ஜிபி, கழுத்து ஓட்டையில் ஒரு ஜரிகைத் துண்டு முடிந்திருந்தது. மகள் கல்யாண ஆல்பத்தோடு ஸ்டுடியோக்காரர் கொடுத்ததாம். படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு இதைத் தறிக்கு ஒதுக்கியிருக்கிறார். ஆனாலும் பந்திப் படங்கள் சில அழியாமல் உள்ளேயே இருந்தன. பெட்டி அவற்றைக் கண்டுகொள்வதில்லை. அவற்றுக்கு நடுவில் மயில்சக்கரம், வங்கி, புது முந்தி, புது முந்தி கடைசி, கடைசி இரண்டு என்று கோப்புகள். நான் மடிக்கணினியில் செருகியதும் பெரியவர் பதறினார்.

“தம்பி, ஃபார்மட் கீர்மட் எதுவும் பண்ணிடாதப்பா. மயில்சக்கரம் இதுலதான் இருக்கு. வேற எங்கயும் கிடையாது.”

“டிசைன் போட்டவர்கிட்ட இருக்காதாங்க ஐயா?”

“அவன் கடையைச் சாத்திட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு.”

எனக்குக் கவலை வந்த இடம் இதுதான். பென்டிரைவைப் பத்திரமாக வைத்திருக்கிறார். டிசைனும் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறார். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பிட் என்பது சிலிக்கான் ஆக்ஸைடின் மிக மெல்லிய படலத்துக்குப் பின்னால் அடைத்து வைத்த எலக்ட்ரான்கள்தான். அவை மெதுவாகக் கசியும். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். சித்திரை வெயிலில் சிமென்ட் கூரைக்குக் கீழே இருக்கும் தறிவீட்டின் சூட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்பாவு அறுந்துவிடாமல் இருக்கக் குழித்தறி அறையில் காக்கும் ஈரம், பென்டிரைவின் உலோக முனைகளுக்கு ஆகாது. தகவல் பத்து வருஷம் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆரம்ப காலத்தவற்றில் ஒரு நினைவகச் செல்லுக்கு ஒரே பிட். லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்பார்கள். இன்றைய மலிவு பென்டிரைவுகளில் ஒரு செல்லில் மூன்று பிட்டைத் திணிக்கிறார்கள். ஆயிரம் தடவை தாங்கினால் அதிகம். பழையதை விடாமல் பிடித்திருப்பவர்கள் பக்கம் இந்த வகையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒருநாள் போகும்.

போகிற விதத்தில்தான் அட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். அட்டை கிழிந்தால் அந்த ஒரு ஊடைதான் கெடும். நெசவாளரே காகிதம் ஒட்டி, எந்தத் துளை எங்கே என்று கண்ணால் பார்த்துச் சரி செய்துவிடுவார். நூறு வருஷப் பழைய அட்டைக் கட்டு கிடைத்தாலும் தரையில் விரித்து, துளையைப் பார்த்து டிசைனை மீட்டெடுக்கலாம். பென்டிரைவ் போனால் மயிலின் தோகையில் ஒரு கண்கூட மிஞ்சாது.

மூடி வைத்துக் காப்பது இந்த ஊருக்குப் பழகிய காரியம். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திமரத் திருமேனியான அத்தி வரதரை 1979-இல் எடுத்தார்கள், மறுபடி 2019-இல் எடுத்தார்கள். 48 நாள் தரிசனம் முடிந்து மீண்டும் தண்ணீருக்குள் எழுந்தருளச் செய்தார்கள். அத்திமரம் தாங்குகிறது. அடுத்த முறை 2059-இல். அதுவரை இன்றைய பென்டிரைவ் எதையும் மாடத்தில் நம்பி வைக்க முடியாது.

பெரியவரின் சம்மதத்தோடு உள்ளே இருந்த எல்லாவற்றையும் என் கணினியிலும் அவர் பேரன் கணினியிலும் நகல் எடுத்தோம். பிறகு பென்டிரைவை ஃபேட்32-இல் புதிதாக அடுக்கி, கோப்புகளைத் திரும்ப எழுதினோம். அப்படி எழுதினால்தான் கசிந்த எலக்ட்ரான்களின் இடத்தில் புதியவை நிரம்பும். வெறுமனே செருகிப் பார்ப்பது போதாது. தறிப்பெட்டி மயில்சக்கரத்தைத் தடையின்றிப் படித்தது. இதை வருஷத்துக்கு ஒருதடவை, ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைக்கிற நாளில் செய்துவிடலாம்.

ஆனால் கோப்பு மட்டும் தப்பினால் போதாது. எத்தனை கொக்கிக்குப் போட்ட டிசைன், எந்த இடத்தில் ஜரிகை, எந்த இடத்தில் பட்டு, கோர்வைக்கா தனிக்கரைக்கா, வரைந்தவர் யார், எந்த வருஷம் என்பதெல்லாம் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் எழுதியிருக்காது. ‘கடைசி இரண்டு’ என்ற பெயரை வைத்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் இந்தச் சின்ன பென்டிரைவுகளை ஒரு வாரம் வாங்கி வைத்து நகலெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து இந்த விவரங்களை நெசவாளர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொரு டிசைனையும் கிராப் தாளில் ஒரு பிரதி அச்சிட்டு வைக்க வேண்டும். அப்புறம் பென்டிரைவை அவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். தறி அதைக் கேட்கும்.